டயர் காற்று விளக்கு எரிந்தால்: முதலில் அளவு, பிறகு காற்று, கடைசியில் ரீசெட்

காலையில் வண்டியை எடுக்கும்போது மீட்டரில் மஞ்சள் நிறத்தில் ஒரு விளக்கு. மேலே திறந்த, அடியில் பல் பல்லாக வரி போட்ட ஒரு கிண்ணம், நடுவில் ஆச்சரியக்குறி. டயரைக் குறுக்கே வெட்டினால் தெரியும் உருவம் அது. ஏதோ ஒரு டயரில் காற்று இருக்க வேண்டிய அளவை விடக் குறைந்துவிட்டது என்று வண்டி சொல்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு டிபிஎம்எஸ் என்று பெயர்.

விளக்கை அணைப்பது எப்படி என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். டயரில் இப்போது எவ்வளவு காற்று இருக்கிறது என்பதல்லவா முதல் கேள்வி? அளக்காமலே ரீசெட் பட்டனை அழுத்தினால் விளக்கு அணையும், டயர் அப்படியேதான் இருக்கும். சில வண்டிகளில் அதைவிடப் பெரிய கேடும் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

விளக்கு எரியும் விதத்தைக் கவனியுங்கள். சாவி போட்டதும் எல்லா விளக்குகளோடும் சேர்ந்து எரிந்து சில விநாடியில் அணைந்தால் ஒன்றுமில்லை, அது வெறும் பல்பு சோதனை. அணையாமல் நிலையாக எரிந்தால் காற்று குறைவு. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மின்னி மின்னி எரிந்துவிட்டுப் பிறகு நிலையாக நின்றால், குறை டயரில் இல்லை. கண்காணிக்கும் கருவியில் கோளாறு. இந்த வித்தியாசம் தெரியாமல், மின்னும் விளக்கைப் பார்த்துவிட்டு நாலு டயரிலும் காற்றை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் நிறைய.

டிபிஎம்எஸ்ஸில் இரண்டு வகை. உங்கள் வண்டியில் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நேரடி வகையில், ஒவ்வொரு சக்கரத்தின் உள்ளேயும் வால்வோடு சேர்த்து ஒரு சிறு சென்சார் இருக்கும். தீப்பெட்டியை விடச் சிறியது. உள்ளே பேட்டரி, அழுத்தம் அளக்கும் சில்லு, ரேடியோ அலை அனுப்பும் பகுதி எல்லாம் சேர்த்து மூடி ஒட்டியிருக்கும். சக்கரம் சுழலத் தொடங்கியதும் விழித்துக்கொண்டு அளவை அனுப்பும். வண்டி நின்றால் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும். மீட்டர் திரையில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே 33, 32, 34, 27 என்று எண் காட்டுகிற வண்டி இந்த வகை.

மறைமுக வகையில் டயருக்குள் ஒன்றுமே கிடையாது. திடீரென்று மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் ஏற்கெனவே இருக்கிற வேக சென்சாரையே இதற்கும் பயன்படுத்துகிறார்கள். காற்று குறைந்த டயர் கொஞ்சம் அமுங்கும். அமுங்கினால் அதன் ஆரம் குறையும். ஆரம் குறைந்த சக்கரம் அதே தூரத்தை ஓட மற்றதை விடச் சற்று அதிகம் சுற்ற வேண்டும். அந்தச் சிறு வித்தியாசத்தைக் கணினி பிடித்துவிடுகிறது. இதில் காற்றழுத்தத்தைச் சொல்லும் பிஎஸ்ஐ எண் எதுவும் வராது, விளக்கு மட்டும் வரும். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் கார்களில் பெரும்பாலும் இந்த வகை. விளம்பரத் தாளில் ஐடிபிஎம்எஸ் என்று போட்டிருந்தாலும் இதுதான். மலிவு, பழுதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பலவீனம் உண்டு: மாதக்கணக்கில் நாலு டயரும் ஒரே அளவில் மெல்ல இறங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல் இது ஏமாறலாம். அதனால் இந்த வகை வண்டி வைத்திருப்பவர் விளக்கை நம்பி மாதாந்திரக் காற்றுச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

இனி எண்ணுக்கு வருவோம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு வந்து மூடும் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உட்புறம். உங்கள் வண்டிக்கு எத்தனை பிஎஸ்ஐ என்பதை அந்த ஸ்டிக்கர்தான் சொல்லும். நம் ஊரில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு 30-க்கும் 36-க்கும் இடையில் வரும். ஆள் குறைவாக இருக்கும்போது ஓர் அளவு, ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் வேறோர் அளவு என்று இரண்டு வரிசை இருக்கும். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் குடும்பத்தோடும் பெட்டியோடும் கிளம்பும்போது பார்க்க வேண்டியது இரண்டாவது வரிசையை. பின் சக்கரத்துக்குத்தான் அதில் எண் அதிகம் கூடும். பார், கிலோபாஸ்கல் என்று அச்சிட்டிருந்தால் 2.3 பார், 230 கிலோபாஸ்கல், 33 பிஎஸ்ஐ மூன்றும் ஏறத்தாழ ஒன்று.

டயரின் பக்கச் சுவரில் 44, 51 என்று பொறித்திருப்பதைப் பார்த்து அதுவரை அடிப்பவர்கள் உண்டு. அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு அது. உங்கள் வண்டிக்கான அளவு அல்ல. அவ்வளவு அடித்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டுத் தேயும், பிரேக் பிடிப்பும் குறையும்.

ஸ்டிக்கரில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. இந்த விளக்கு திரும்பத் திரும்ப எரிவதற்குப் பெரிய காரணமே இந்த ஒரு விதியை மறப்பதுதான். கணக்கைப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து மத்தியான வெயிலில் நாகர்கோவிலுக்கு வருகிறீர்கள். ஓடி ஓடி டயரின் உள்ளே காற்று 50 டிகிரி சூட்டில் இருக்கிறது. பங்கில் நிறுத்தி அப்போதே 33 வரை நிரப்புகிறீர்கள். மறுநாள் காலை, மழை பெய்து 25 டிகிரிக்கு இறங்கிய வேளையில், அதே டயரில் இருப்பது 29 தான். ஒரு சொட்டுக் காற்றுகூட வெளியே போகவில்லை. சூட்டில் விரிந்திருந்த காற்று சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இதோடு எந்த நல்ல டயரும் மாதம் ஒன்றோ இரண்டோ பிஎஸ்ஐ தானாகவே இழக்கும். இரண்டு மாதத்தில் 26-க்கு வந்துவிடும். சொன்ன அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோ குறையும்போது விளக்கு எரியும்படிதான் பொதுவாக அமைக்கிறார்கள். 33-க்கு அது 26 அல்லது 25. ஆக, பஞ்சர் எதுவும் இல்லாமலே விளக்கு வந்துவிடுகிறது.

தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை இரண்டும் பெய்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. வெயில் காலம் முடிந்து முதல் மழை இறங்குகிற வாரத்தில் காலையில் எரிந்து, வண்டி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் அணைந்துவிடுகிற விளக்குக்குப் பின்னால் இந்தச் சூட்டுக் கணக்குதான் இருக்கும். தானாக அணைந்துவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். டயர் விளிம்பில் நிற்கிறது என்று பொருள். சுமாராக 5 அல்லது 6 டிகிரி வெப்பம் மாறினால் ஒரு பிஎஸ்ஐ மாறும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சூடான டயரில்தான் காற்று அடிக்க வேண்டிய நிலை வந்தால் ஸ்டிக்கர் எண்ணோடு 3 அல்லது 4 சேர்த்து அடித்துவிட்டு, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் சரிபாருங்கள். சூட்டில் 37 காட்டுகிறது என்று காற்றைத் திறந்துவிட மட்டும் கூடாது.

அளக்க, சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொள்வது நல்லது. டிஜிட்டல் கேஜ் சில நூறு ரூபாய்தான். பங்கில் இருக்கும் கேஜ் நாள் முழுவதும் தரையில் விழுந்து எழுகிற சாமான். இரண்டு மூன்று பிஎஸ்ஐ பிசகுவது சாதாரணம். பெட்ரோல் பங்கில் காற்று இலவசமாகத் தர வேண்டிய வசதி, அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் எத்தனை என்று நீங்கள் சொல்லாவிட்டால், எல்லா வண்டிக்கும் அடிக்கிற ஒரே எண்ணைத்தான் உங்கள் வண்டிக்கும் அடிப்பார்கள். "முன்னால 33, பின்னால 33" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். வால்வு மூடியைத் திரும்பப் போட்டார்களா என்பதையும் பாருங்கள்.

வீட்டிலேயே அடிக்க 12 வோல்ட் சிறு கம்ப்ரசர் வாங்கி வைத்தால் காலையில் குளிர்ந்த டயரில் சரியான அளவுக்கு நிரப்பலாம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி, எஞ்சினை ஓடவிட்டு அடிக்க வேண்டும். இல்லையென்றால் பேட்டரி இறங்கும். மூடிய கார் ஷெட்டுக்குள் அப்படி ஓடவிடக் கூடாது, புகை ஆளைக் கொல்லும். வண்டியை வெளியே எடுத்து வையுங்கள். நைட்ரஜன் நிரப்பியிருந்தாலும் சாதாரணக் காற்றைச் சேர்த்து அடிக்கலாம். நாம் சுவாசிக்கிற காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான்.

நாலு டயரும் சரியான அளவுக்கு வந்தாயிற்று. இப்போது ரீசெட்.

நேரடி வகையில் பெரும்பாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. நின்ற வண்டியில் சென்சார் தூங்கிக்கொண்டிருப்பதால் காற்று அடித்த உடனே விளக்கு அணையாது. 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் சில நிமிடம் ஓட்டினால் புதிய எண் திரைக்கு வரும், விளக்கும் போய்விடும்.

மறைமுக வகையில் ரீசெட் கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே விளக்கின் அதே படம் போட்ட பட்டன் இருக்கும். அல்லது திரையில் வாகன அமைப்புகளுக்குள் போய்ச் சேமிக்க வேண்டியிருக்கும். எஞ்சினை ஓடவிட்டு, வண்டியை நிறுத்திய நிலையில், பீப் சத்தம் வரும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த நொடியிலிருந்து வண்டி, "இப்போது டயர்கள் இருக்கிற இந்த நிலைதான் சரியான நிலை" என்று பாடம் படிக்கத் தொடங்குகிறது. முன்னால் சொன்ன கேடு இங்கேதான். 25 பிஎஸ்ஐயில் நிற்கும் டயரோடு பட்டனை அழுத்தினால், 25 தான் சரி என்று வண்டி படித்துக்கொள்ளும். அடுத்து 20-க்கு இறங்கும்வரை வாயே திறக்காது. எச்சரிக்கை செய்ய வைத்த கருவியை நாமே ஊமையாக்குகிறோம்.

அந்தப் பாடத்தை முடிக்க அதற்கு இருபது முப்பது நிமிடம் நிற்காமல் ஓடும் ஓட்டம் தேவை. தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் வரை நின்று நின்று ஊர்ந்தால் முடியாது. காவல்கிணற்றைத் தாண்டி நெல்லை போகும் நால்வழிச் சாலையில் ஒரே வேகத்தில் ஒரு முறை போய்வந்தால் படித்துவிடும். டயர்களை முன்பின் மாற்றினாலோ, ஒரே ஒரு புது டயர் போட்டாலோ இந்த வகை வண்டியில் மறுபடியும் ரீசெட் செய்ய வேண்டும். புது டயரின் பட்டன், அதாவது தரையில் படும் வரிப்பகுதி, 7, 8 மில்லிமீட்டர் இருக்கும், தேய்ந்த டயரில் 3 தான் இருக்கும். அந்த ஆர வித்தியாசமே காற்றுக் குறைவு போலத் தெரியும்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு வாரத்தில் அதே சக்கரத்துக்கு விளக்கு வருகிறதா? அப்படியானால் மெல்லிய கசிவு. சோப்புத் தண்ணீரை நுரை வராமல் கலக்கி மூன்று இடத்தில் ஊற்றிப் பாருங்கள்: டயர் பட்டன், வால்வு, டயரும் ரிம்மும் சேரும் விளிம்பு. பட்டனில் ஆணியோ ஸ்க்ரூவோ குத்தியிருந்தால் அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக முட்டை போல எழும்பும். ஆணியை அங்கேயே பிடுங்காதீர்கள். அதுவே இப்போதைக்கு அடைப்பு. தரையில் படும் பகுதியில், 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும் ஓட்டையைப் பஞ்சர் கடையில் அடைத்துவிடலாம். ஸ்ட்ரிப் குத்தி விடுவது அவசரத்துக்கு. டயரைக் கழற்றி உள்ளே இருந்து மஷ்ரூம் பேட்ச் போடுவதுதான் நிலைத்து நிற்கும். பக்கச் சுவரில் ஓட்டை என்றால் எந்தப் பேட்ச்சும் உதவாது, டயரை மாற்ற வேண்டும்.

வால்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய பிரச்சினை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் எங்கும் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் மேல் உப்புக்காற்று இடைவிடாமல் படிகிறது. நேரடி வகைச் சென்சார்களில் பலவற்றுக்கு வால்வுத் தண்டு அலுமினியம். அதில் சாதாரணப் பித்தளை வால்வு ஊசியைப் போட்டால், உப்பு ஈரத்தில் பித்தளையோடு ஒட்டிய அலுமினியம் அரித்துப்போகும். நிக்கல் பூசிய ஊசிதான் போட வேண்டும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் மரையில் சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளைத் தூள் தெரியும். அழகுக்காகப் போடும் உலோக மூடி அந்தத் தூளில் இறுகி, பிறகு நகராது. குறடு வைத்துத் திருகினால் தண்டே ஒடிந்து, சென்சாரோடு சேர்த்துப் போய்விடும். பிளாஸ்டிக் மூடியே போதும். மாதம் ஒருமுறை காற்றுப் பார்க்கும் சாக்கில் அதைக் கழற்றி மாட்டினாலே இறுகாது. வால்வின் வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் வைத்து, குமிழ் ஒன்று மெல்ல ஊதிப் பெருத்தால் ஊசி கசிகிறது. ஊசியை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. தண்டின் அடியிலிருந்து குமிழ் வந்தால் ரப்பர் வளையம் போய்விட்டது.

அலாய் ரிம்மிலும் இதே உப்பு, டயர் உட்காரும் விளிம்பை அரித்துச் சொரசொரப்பாக்கும். குழியில் இறங்கி ரிம் லேசாக வளைந்திருந்தாலும் கசிவு அங்கிருந்துதான். டயரைக் கழற்றி விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.

மின்னும் விளக்குக்கு வருவோம். நேரடி வகைச் சென்சாரின் பேட்டரி ஐந்து முதல் பத்து வருடம் வரும். தனியாக பேட்டரி மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். ஒன்று போனால் மற்றவையும் அதே வயதுதான் என்பதால், டயர் மாற்றுகிற நேரத்தில் நாலையும் சேர்த்து மாற்றினால் கழற்றிப் பூட்டும் கூலி மிச்சம். புதுச் சென்சாரின் அடையாள எண்ணை வண்டிக்கு அறிமுகப்படுத்த வேண்டும். சில வண்டிகள் ஓட்டத்திலேயே பிடித்துக்கொள்ளும், சிலவற்றுக்கு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் வைக்க வேண்டும். வாங்கும்போது உங்கள் வண்டி மாடலையும் வருடத்தையும் சொல்லி, அலைவரிசை பொருந்துமா என்று கேளுங்கள். நம் நாட்டுக் கார்களில் 433 மெகாஹெர்ட்ஸ். 315 மெகாஹெர்ட்ஸ் அமெரிக்க வண்டிகளுக்கானது, போட்டாலும் பேசாது.

நல்ல சென்சார் உடைவது பெரும்பாலும் டயர் கடையில்தான். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து அமுக்கித் தள்ளும் தட்டு வால்வுப் பக்கம் பட்டால் சென்சார் நொறுங்கும். வண்டியைக் கொடுக்கும்போதே, "அண்ணே, வால்வுல சென்சார் உண்டு, பாத்துக் கழத்துங்க" என்று சொல்லிவிடுங்கள். ரப்பர் வளையம், வாஷர், நட், ஊசி, மூடி ஐந்தும் சேர்ந்த வால்வு கிட் விலை குறைவு; டயர் மாற்றும்போதெல்லாம் புதிதாகப் போட வேண்டும். பஞ்சர் அடைக்க டயருக்குள் ஊற்றும் பசைத் திரவமும் சென்சாரின் துளையை அடைத்துவிடலாம். சென்சாருக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

ஓட்டத்தில் விளக்கு எரிந்தால் எண்ணைப் பாருங்கள். 25-க்கு மேல் நின்று, இறங்காமல் இருந்தால் நிதானமாக அடுத்த பங்க் வரை போகலாம். நொடிக்கு நொடி இறங்கினாலோ 20-க்குக் கீழே போனாலோ ஓரம்கட்டி நிறுத்துங்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் பக்கவாட்டில் அடிக்கிற காற்றுக்கு நல்ல டயரே ஆட்டம் காட்டும். மெலிந்த டயர் ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து இழுக்கும். காற்றில்லாமல் ஓட்டிய டயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து உள்ளே சூடேறி நார் அறுந்துபோகும். கழற்றினால் உள்ளே கறுப்பு ரப்பர்த் தூள் கைநிறைய கொட்டும். அந்தத் தூளைப் பார்த்தால் ஓட்டை எவ்வளவு சின்னதானாலும் அந்த டயரை மறுபடி ஏற்றாதீர்கள்.

ஸ்டெப்னி மாட்டியபின் விளக்கு மின்னினால் பதற வேண்டாம், பல வண்டிகளில் ஸ்டெப்னிக்குச் சென்சார் கிடையாது. 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, டிபிஎம்எஸ்ஸும் பஞ்சர் கிட்டும் கொடுத்தால் காரில் ஸ்டெப்னியே இல்லாமலும் விற்கலாம். ஆகவே புது வண்டிக்காரர்கள் டிக்கியைத் திறந்து என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி இருந்தால் அதற்கு அளவு 60 பிஎஸ்ஐ, வேகம் 80-ஐத் தாண்டக் கூடாது. இரண்டும் அதன் மேலேயே எழுதியிருக்கும். சாதாரண ஸ்டெப்னி என்றால் ஸ்டிக்கர் அளவை விட இரண்டு மூன்று கூட்டி அடித்து வையுங்கள், டிக்கியில் கிடக்கும்போதும் அது மெல்ல இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.